காலையில் மட்டும் காணாமல் போகும் டி டிரைவ்: ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதா, வேறு காரணமா?

அச்சுக்கூடம் | திங்கள், காலை 10.15

வணக்கம். கும்பகோணத்தில் சிறிய டிடிபி நிலையம் நடத்துகிறேன். கடையில் உள்ள மேசைக் கணினியில் இரண்டு டிரைவ்கள் உள்ளன. விண்டோஸ் 10 இருப்பது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில்; பதினோரு ஆண்டு வேலைக் கோப்புகள் முழுவதும் இருப்பது 1 டிபி ஹார்ட் டிஸ்கில். கடந்த இரண்டு வாரமாகக் காலையில் கடையைத் திறந்து கணினியை இயக்கினால், மதர்போர்டின் சின்னம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் திரையில் நின்றுவிட்டுப் பிறகு விண்டோஸ் திறக்கிறது. ஆனால் டி டிரைவைக் காணவில்லை. இருபது நிமிடம் கழித்து ரீஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல டி டிரைவ் வந்துவிடுகிறது. அதன் பிறகு இரவு கடையை மூடும் வரை ஒரு தொல்லையும் இல்லை.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்றாலும், தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை எல்லாம் இப்போதுதான் நடக்கிறது. ஹார்ட் டிஸ்க் வாங்கி ஏழு ஆண்டு ஆகிறது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா, அல்லது வேறு ஏதேனும் பார்க்க வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


தரவுக்காவலர் | திங்கள், காலை 10.31

ஐயா, எதையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி: இதை எழுதும்போது டி டிரைவ் தெரிகிறதா? தெரிகிறது என்றால் கணினியை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், ஸ்லீப்பிலும் போடாதீர்கள். சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்கிலிருந்து கோப்புகளை எடுத்துவிடலாம். நின்ற டிஸ்க் மறுபடி சுழலுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் உள்ள ‘டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்’ என்ற அமைப்பு பெரும்பாலும் 20 நிமிடமாக இருக்கும். டி டிரைவைத் தொடாமல் இருபது நிமிடம் வேறு வேலை பார்த்தால் விண்டோஸே அதன் மோட்டாரை நிறுத்திவிடும், அடுத்த முறை தொடும்போது அது புதிதாகச் சுழலத் தொடங்க வேண்டியிருக்கும். காலையில் சுழல மறுக்கும் டிஸ்க் அந்த நேரத்திலும் மறுக்கலாம் என்பதால், அதை உடனே 0 (ஒருபோதும் நிறுத்தாதே) என்று மாற்றிவிட்டுப் பிறகு வேறு டிஸ்குக்கு நகலெடுக்கத் தொடங்குங்கள்.

இப்போதைக்கு விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம். கோப்பு அமைப்பைச் சரிசெய்வதற்காக அது டிஸ்கில் எழுதவும் செய்யும்; உடல்நிலை தெரியாத டிஸ்கில் அதைச் செய்வது வினை. கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தீர்கள்?


திருகாணி | திங்கள், காலை 10.48

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். தரவுக்காவலர் சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் ‘டிஸ்க் தெரியவில்லை’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, யாருக்குத் தெரியவில்லை என்பதைத்தான்.

மதர்போர்டுக்கே தெரியவில்லையா? அதாவது, கணினியை இயக்கியவுடன் டெலிட் விசையை அழுத்தி, மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால், சாட்டா பட்டியலில் (இணைத்துள்ள டிரைவ்களின் பட்டியல்) அந்த டிஸ்கின் பெயர் இல்லையா? அப்படியானால் சிக்கல் மின்சாரத்திலோ, கேபிளிலோ, போர்ட்டிலோ, டிஸ்கின் உள்ளேயோதான் இருக்கும். விண்டோஸை எவ்வளவு நோண்டினாலும் பயன் இல்லை. பயாஸில் பெயர் இருந்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இல்லை என்றால் டிரைவர் பக்கம் பார்க்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இருந்து, எழுத்து மட்டும் ஒதுக்கப்படவில்லை என்றால் அது இரண்டு நிமிட வேலை. ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று ஒரு பெட்டி வந்து ஓகே கேட்டால் மட்டும் கேன்சல் கொடுத்துவிடுங்கள். ஓகே கொடுத்தால், டிஸ்கின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணை புதிதாக எழுதப்படும்.


அச்சுக்கூடம் | திங்கள், காலை 11.20

இருவருக்கும் நன்றி. இப்போது டி டிரைவ் தெரிகிறது. பவர் ஆப்ஷன்ஸில் 20 என்றுதான் இருந்தது, 0 ஆக்கிவிட்டேன். பேக்கப் கடைசியாக எடுத்தது போன ஆடியில். அந்த மாதம்தான் கடையில் வேலை இருக்காது.

இன்று காலையில் பயாஸைத் திறந்து பார்த்தேன். முதல் போர்ட்டில் எஸ்எஸ்டியின் பெயர் இருந்தது, இரண்டாவது போர்ட்டில் ‘எம்ப்டி’ என்று இருந்தது. ஆகவே மதர்போர்டுக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகி நகலெடுக்கத் தொடங்கிவிட்டேன். மொத்தம் 640 ஜிபி. ஆறு மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது. இடையில் மின்சாரம் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது.


தரவுக்காவலர் | திங்கள், காலை 11.26

ஆறு மணி நேரம் என்றால் நீங்கள் கேபினெட்டின் முன்பக்கத்து யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள். அதில் நொடிக்கு 30 எம்பிக்கு மேல் போவது அரிது. நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்கை முறைப்படி எஜெக்ட் செய்து, கணினியின் பின்பக்கம் உட்புறம் நீல நிறமாக இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். இதற்கு ரீஸ்டார்ட் தேவையில்லை. பெரிய கோப்புகளாக இருந்தால் நொடிக்கு 100 எம்பி வரை கிடைக்கும்; இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மொத்தமாக இழுத்துப் போடாமல், மறுபடி செய்யவே முடியாதவற்றை முதலில் எடுங்கள். இன்னும் முடிக்காத வேலைகளின் பேஜ்மேக்கர், கோரல் டிரா கோப்புகள் முதலில். பிறகு பழைய தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பக்கங்களை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் என்ன வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம், திரைப்படங்களை விட்டுவிடலாம்.


பனிக்காலம் | திங்கள், பிற்பகல் 12.05

ஹார்ட் டிஸ்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தால் மறுநாள் வேலை செய்யும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்குப் பலித்ததாம்.


திருகாணி | திங்கள், பிற்பகல் 12.17

வேண்டவே வேண்டாம். மிகப் பழைய காலத்து டிஸ்குகளில் சிக்கிக்கொண்ட பாகம் குளிரில் சுருங்கி விடுபட்ட கதைகள் உண்டு. இன்றைய டிஸ்கில் ரீட் ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து நம் ஊர் ஈரக்காற்றில் வைத்த டம்ளருக்கு வெளியே என்ன நடக்கிறதோ, அதுவே அந்தத் தட்டின் மேலும் நடக்கும். மேலும் இவருடைய டிஸ்க் குளிர்ந்திருக்கும் காலையில்தான் தகராறு செய்கிறது, அதை இன்னும் குளிர வைப்பானேன்?


அச்சுக்கூடம் | திங்கள், இரவு 8.40

நீல போர்ட்டுக்கு மாற்றியதும் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒரு கோப்பிலும் பிழை வரவில்லை. பாரம் இறங்கியது.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிறுவிப் பார்த்தேன். நீல நிறத்தில் ‘குட்’ என்று காட்டுகிறது. முக்கியமான எண்களை எழுதுகிறேன் (ரா மதிப்பைப் பதின்ம எண்ணுக்கு மாற்றிப் பார்த்தேன்): 05 ரீஅலோகேட்டட் செக்டர்ஸ் 0. சி5 கரண்ட் பெண்டிங் செக்டர் 0. சி6 அன்கரெக்டபிள் 0. 0ஏ ஸ்பின் ரீட்ரை கவுண்ட் 14. சி7 சிஆர்சி எரர் கவுண்ட் 2,318. இயங்கிய நேரம் 21,640 மணி.


திருகாணி | திங்கள், இரவு 9.10

இந்த எண்கள் நல்ல செய்தியே சொல்கின்றன. தட்டின் மேற்பரப்பு சிதைந்துகொண்டிருந்தால், கெட்டுப்போன அல்லது படிக்க முடியாத பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று பூஜ்யத்தை விட்டு நகர்ந்திருக்கும். ‘குட்’ என்ற நீலப் பட்டையை மட்டும் நம்பாமல் எண்களை எழுதியது சரி. அந்தப் பட்டை சில எண்களைப் பொருட்படுத்துவதே இல்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சி7 என்பது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும்போது சிதைந்த தரவின் கணக்கு. அனேகமாக அது கேபிளின் குற்றம். டிஸ்க் பக்கம் மாட்டியிருக்கும் சாட்டா கேபிளின் முனையில் உலோகக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி இல்லாத பழைய சிவப்பு கேபிள்கள் ஆண்டுக்கணக்கான அதிர்விலும் சூட்டிலும் தளர்ந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கொக்கி உள்ள புதிய கேபிளை மாட்டுங்கள். இந்த எண் கூடுமே தவிரக் குறையாது என்பதால், 2,318 அப்படியே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

0ஏ என்பது முதல் முயற்சியில் உரிய வேகத்துக்குச் சுழல முடியாமல் டிஸ்க் மறுபடி முயன்ற தடவைகளின் எண்ணிக்கை. அது 14 என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும். முதலில் கேபிள். நாளைக் காலையில் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு இயக்கி, டிஸ்கின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். என்ன சத்தம் வருகிறது என்பதை உள்ளபடி எழுதுங்கள்.


இரவுப்பணி | திங்கள், இரவு 11.52

சர்வர் அறையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். காணாமல் போகும் டிரைவ் எல்லாம் தேய்ந்த டிரைவ் அல்ல. 2009 ஜனவரியில் சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்குகள் பல, டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பிழையால் பயாஸில் தெரியாமல் போயின. தட்டும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன. 2012 ஜனவரியில் குரூஷியல் எம்4 எஸ்எஸ்டிக்கு வந்த 0309 ஃபர்ம்வேர், சரியாக 5,184 மணி நேரம் இயங்கிய பிறகு டிரைவ் பதிலளிக்காமல் போகும் பிழையைத் திருத்துவதற்காகவே வந்தது. 2019 நவம்பரில் ஹெச்பி எண்டர்பிரைஸ் நிறுவனம், சர்வர்களுக்கான தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் ஒரேயடியாகச் செத்துவிடும் என்று அறிவித்து அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். இயங்கிய மணிகளை எண்ணும் எண் தன் உச்ச அளவைத் தாண்டியதன் விளைவாக இருக்கலாம்.

உங்கள் டிஸ்க் ஒரு குறிப்பிட்ட நாளில் மறைந்து திரும்பாமல் போகவில்லை, தினமும் காலையில் மறைந்து பகலில் வருகிறது என்பதால் இது அந்த வகை அல்ல. ஆனாலும் டிரைவின் மாடலையும் ஃபர்ம்வேர் எண்ணையும் தயாரிப்பாளரின் தளத்தில் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதில் செலவு எதுவும் இல்லை. கோப்புகளை நகலெடுக்காமல் ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.


புதுவரவு | செவ்வாய், காலை 7.30

எனக்கும் இதே சிக்கல்தான். புது லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை. விண்டோஸை நிறுவப் பார்த்தால், எந்த டிரைவில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. எஸ்எஸ்டி செத்துவிட்டதா?


மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8.02

புதுவரவு அவர்களே, இது இதே சிக்கல் அன்று. தனி இழை தொடங்கியிருக்க வேண்டும். எனினும் விடை சிறியது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பயாஸில் அந்த எஸ்எஸ்டியின் பெயர் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. டிரைவ்களைக் கட்டுப்படுத்தும் இன்டெலின் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் அது மறைந்திருப்பதால் விண்டோஸ் நிறுவிக்குத் தெரியவில்லை. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, ஜிப்பை விரித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அந்தத் திரையில் உள்ள ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தும் சமாளிக்கலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் நிறுவப்பட்ட லேப்டாப்பில் முன்னேற்பாடு இல்லாமல் அப்படிச் செய்தால், ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை வரும். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழையில் கேளுங்கள்.


அச்சுக்கூடம் | செவ்வாய், காலை 10.05

நேற்று இரவே கொக்கி வைத்த கேபிளை மாட்டிவிட்டேன். பழைய கேபிளின் முனை, விரலால் தொட்டதுமே ஆடியது. ஆனால் இன்று காலையும் அதே கதைதான்: பயாஸில் ‘எம்ப்டி’.

திருகாணி ஐயா சொன்னபடி தகட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். பொத்தானை அழுத்தியதும் டிஸ்க் ‘உய்…’ என்று ஏறத் தொடங்குகிறது. மூன்று நொடி போல ஏறிவிட்டு, ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, ஏறிய சத்தம் அப்படியே இறங்கிவிடுகிறது. மறுபடி ‘உய்…’, மறுபடி ‘டக்’. நான்கு முறை இப்படி ஆன பிறகு அமைதியாகிவிட்டது. அரை மணி நேரம் கழித்து ரீஸ்டார்ட் செய்தபோது ஒரே மூச்சில் ஏறி நின்றது. சி7 எண் 2,318 ஆகவே இருக்கிறது.


இரவுப்பணி | செவ்வாய், காலை 10.40

பயாஸில் ‘ஃபாஸ்ட் பூட்’ இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அது டிஸ்க் தயாராகும் வரை காத்திராமல் தாண்டிப் போய்விடும். சில மதர்போர்டுகளில் ‘ஹார்ட் டிஸ்க் டிலே’ என்பது போல ஒரு அமைப்பும் இருக்கும். அதில் 10 நொடி கொடுத்துப் பாருங்கள்.


அச்சுக்கூடம் | புதன், காலை 9.35

இரவுப்பணி அவர்கள் சொன்னபடி ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, தாமதத்தை 10 நொடி ஆக்கினேன். இன்று காலை முதல் முறையிலேயே டி டிரைவ் வந்துவிட்டது! அனைவருக்கும் நன்றி. இழையைத் ‘தீர்ந்தது’ என்று குறித்துவிடலாம் என நினைக்கிறேன்.


திருகாணி | புதன், காலை 9.58

குறிக்க வேண்டாம். இன்றும் அந்த ‘டக்’ கேட்டதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று முறை தடுக்கி நான்காவது முறை எழுந்திருக்கும். அதுவரை பயாஸ் காத்திருந்ததால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 0ஏ எண்ணைப் பாருங்கள்.


அச்சுக்கூடம் | வியாழன், காலை 10.10

தாங்கள் சொன்னதே சரி. நேற்றுப் பார்த்தபோது 0ஏ 16 ஆகியிருந்தது. இன்று காலை 10 நொடி தாமதமும் உதவவில்லை, மறுபடி ‘எம்ப்டி’. மகிழ்ச்சியில் அவசரப்பட்டுவிட்டேன்.


திருகாணி | வியாழன், காலை 10.45

அந்தச் சத்தத்தை நீங்கள் எழுதியபோதே எனக்குச் சந்தேகம், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் போய்விட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது 12 வோல்ட் கம்பியிலிருந்து அரை ஆம்பியர் அளவே எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ் தடுமாறி 12 வோல்ட் இறங்கிவிட்டால், டிஸ்கின் சர்க்யூட் ஹெட்டைப் பத்திரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்குக் கேட்ட ‘டக்’ அந்த ஒதுக்கலின் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஹெட் கெட்டுப்போன டிஸ்க் எழுப்பும் சத்தம் வேறு: அது முழு வேகத்தில் சுழன்றபடியே சீராக ‘டக், டக், டக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும்.

காலையில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருந்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வயதானால் உள்ளிருக்கும் திரவம் வறண்டு, உள்மின்தடை கூடிவிடும்; குளிர்ந்திருக்கும்போது அது இன்னும் கூடும். மார்கழிக் காலையில் படுத்துவிடும், சற்று நேரம் ஓடிச் சூடேறியதும் ஒருவாறு எழுந்துகொள்ளும். எஸ்எஸ்டிக்கு மோட்டார் இல்லை, அது 5 வோல்ட்டில் கொஞ்சமாகக் குடிப்பது, அதனால் அதற்கு இந்தத் தொல்லை தெரியவில்லை.

உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எதிலும் மாட்டாமல் தொங்கும் நான்கு துளை வெள்ளை முனையில், மஞ்சள் கம்பியின் துளையில் சிவப்பு முள்ளையும், பக்கத்தில் உள்ள கறுப்புக் கம்பியின் துளையில் கறுப்பு முள்ளையும் வையுங்கள். இரண்டு முட்களும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நாளைக் காலையில் இயக்கும் கணத்திலும், நண்பகலிலும் அளந்து எழுதுங்கள். 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். மீட்டர் மெதுவானது என்பதால் அது காட்டுவதைவிட உண்மையான சரிவு கூடுதலாகவே இருக்கும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக ஒரு கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று: சிக்கல் தொடங்குவதற்கு முன் கணினியில் புதிதாக எதையாவது சேர்த்தீர்களா?


அச்சுக்கூடம் | வெள்ளி, பிற்பகல் 1.20

காலையில் பொத்தானை அழுத்தியபோது 11.5 என்று காட்டி, டிஸ்க் சுழலத் தொடங்கியதும் 10.9 வரை இறங்கி, ‘டக்’ வந்ததும் மறுபடி 11.5 ஆனது. பக்கத்துக் கடைத் தம்பி டார்ச் பிடிக்க, இதை மூன்று முறை பார்த்தோம். இப்போது நண்பகலில் 11.7 காட்டுகிறது.

புதிதாகச் சேர்த்தது என்றால், ஐப்பசியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு பழையதாக வாங்கிப் போட்டேன். டிஸ்குக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று எண்ணியதால் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கிறது. அதன் கீழே சிறிய கட்டங்களில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருக்கிறது.


திருகாணி | வெள்ளி, பிற்பகல் 1.52

அந்தச் சிறிய கட்டம்தான் உண்மையைப் பேசுகிறது. 12 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்கின் மோட்டார், காற்றாடிகள் எல்லாமே அந்த 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. மேலே உள்ள 450 மற்றக் கம்பிகளையும் கூட்டிக் காட்டும் விளம்பர எண். கூடுதல் மின்முனை இல்லாத கிராஃபிக்ஸ் கார்டுகூட மதர்போர்டின் ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இயக்கும் கணத்தில் அவ்வளவும் இழுக்காது என்றாலும், அதன் காற்றாடி முழு வேகத்தில் சுழல்வதும் டிஸ்க் கிளம்புவதும் ஒரே நேரத்தில்தான். புதிதாக இருந்தபோது இந்த எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கியிருக்கலாம்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. இன்று இரவு கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் சொந்த முனையில் மாட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.


தரவுக்காவலர் | வெள்ளி, பிற்பகல் 2.10

இன்று செய்த வேலையையும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். காரணம் எஸ்எம்பிஎஸ் என்றே இருந்தாலும், இத்தனை நாள் குறைந்த மின்னழுத்தத்தில் தடுக்கித் தடுக்கிக் கிளம்பிய டிஸ்க் அது. நான் அதை இனி ஒரே பிரதிக்கு நம்ப மாட்டேன்.


அச்சுக்கூடம் | சனி, மாலை 6.30

கார்டு இல்லாமல் இன்று காலை முதல் முறையிலேயே, ஒரே மூச்சில், ‘டக்’ இல்லாமல் வந்தது. மீட்டர் 11.3க்குக் கீழே இறங்கவில்லை.

பிற்பகலில் 12 வோல்ட்டுக்கு நேரே 37 ஆம்பியர் என்று போட்டிருக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி, கடைக்காரரையே மாட்டித் தரச் சொன்னேன். பழையதை அவர் மேசையில் வைத்துத் திறந்து காட்டினார்: கம்பிகள் வெளியே வரும் பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர்களின் தலை, அடைத்த டப்பா கெட்டுப்போனால் மூடி உப்புமே அதுபோல் உப்பியிருந்தது, ஒன்றின் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இயக்கினால் புதுச் சிக்கல். கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று நிற்கிறது. பயாஸில் இரண்டு டிரைவும் தெரிகின்றன. தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டுகிறது. எதையாவது கெடுத்துவிட்டோமா?


திருகாணி | சனி, மாலை 6.41

ஒன்றும் கெடவில்லை. அந்தத் தேதியே விடை சொல்லிவிட்டது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வரை மின்சாரம் அறவே இல்லாமல் இருந்தபோது, மதர்போர்டில் உள்ள காசு அளவு செல் தன் வேலையைச் செய்யவில்லை. பயாஸ் தன் பழைய அமைப்புகளை எல்லாம் மறந்துவிட்டது. இப்போது அது விண்டோஸ் இல்லாத ஹார்ட் டிஸ்கில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் கொண்டு வாருங்கள். அதைச் சேமிப்பதற்கு முன் சாட்டா மோட் (மதர்போர்டு டிரைவோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிஈ என்று மாறியிருந்தால் திருப்பி ஏஹெச்சிஐ ஆக்குங்கள், இல்லையென்றால் நீலத் திரை வரும். சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் செல் கிடைக்கும். பழைய செல்லை மீட்டரில் வைத்துப் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும்.


அச்சுக்கூடம் | சனி, இரவு 7.25

விண்டோஸ் வந்துவிட்டது. சாட்டா மோட் ஐடிஈ ஆகத்தான் மாறியிருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பேன். பழைய செல் 2.3 காட்டியது.


அச்சுக்கூடம் | ஒன்பது நாள் கழித்து, திங்கள், காலை 9.50

ஒன்பது காலைகளாக முதல் முறையிலேயே டி டிரைவ் வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டையும் திரும்பப் போட்டுவிட்டேன். ஃபாஸ்ட் பூட்டையும் 10 நொடித் தாமதத்தையும் பழையபடி ஆக்கிவிட்டேன். டிஸ்க் கிளம்பும்போது மீட்டர் 11.9க்குக் கீழே போவதில்லை. 0ஏ எண் 19இல் நிற்கிறது, சி7 இன்னும் 2,318.


தரவுக்காவலர் | திங்கள், காலை 10.04

நல்லது. அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, பழைய வேலை இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தீர்களா?


அச்சுக்கூடம் | திங்கள், மாலை 5.15

வீட்டு லேப்டாப்பில் ஐந்து கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நான்கு சரியாக வந்தன. 2016இல் செய்த ஒரு காதுகுத்துப் பத்திரிகை மட்டும் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக வந்தது: அதன் எழுத்துரு டி டிரைவில் இல்லை, சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் மட்டும் இருந்திருக்கிறது. இப்போது அந்த ஃபோல்டரும் நகலெடுபடுகிறது; நீல போர்ட்டில்தான்.

மட்டுறுத்துநர் அவர்களே, இனி ‘தீர்ந்தது’ என்று குறிக்கலாம்.